ஆய்வகத்தை மூடிவிட்டு ரபி ஆனவர்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நான் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) செய்த ஆய்வகத்தின் தலைவி புரத வேதியியல்காரர். 52 வயதில் ஆய்வகத்தை மூடிவிட்டு, ரபி ஆவதற்குப் படிக்கப் போனார். இப்போது ஒரு மருத்துவமனையில் ரபியாக வேலை பார்க்கிறார். ஊருக்கு வந்து இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பதில்களில் பாதி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, மீதி நானாகப் படித்தது. அவர் பெயர் வேண்டாமே. நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ரபி என்றால் யூதர்களின் பூசாரியா?

இல்லை. இது ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். யூதர்களில் பூசாரிக் குலம் தனியாக உண்டு, கோஹேன் என்பார்கள். அது பிறப்பால் வருவது. கி.பி. 70இல் ரோமர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்ததிலிருந்து அவர்களுக்குப் பலிபீட வேலை கிடையாது. ரபி என்பது படித்து வாங்குவது. ரபி இல்லாமலேயே தொழுகை நடக்கும், வயதுவந்த பத்துப் பேர் சேர்ந்தால் போதும். கல்யாணத்துக்குக்கூட மூலச் சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளைத்தான்.

பைபிள் பரிச்சயம் உள்ளவர்களுக்கு யோவான் சுவிசேஷத்தில் வரும் ‘ரபீ’ ஞாபகம் இருக்கும். போதகரே என்று அர்த்தமும் அங்கேயே சொல்லியிருக்கும். நம் ஊர் ஆட்களில் ஒப்பிடுவதானால் அர்ச்சகரைவிட, வாத்தியாரும் வக்கீலும் கலந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் சொல்வார், பாடம் எடுப்பார், சாவு வீட்டுக்கு வருவார்.

அவர் ஏன் போனார்? ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லையா?

எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான். நிதி இருந்தது. அவருடைய அப்பா இறந்துபோனார், தொடக்கம் அங்கேதான்.

பெற்றோர் இறந்தால் பதினோரு மாதம் கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வது யூத வழக்கம். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது, முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் வேண்டும். மேடம் தினமும் காலை ஏழு மணிக்கு ஜெப ஆலயத்துக்குப் போய்விட்டு ஆய்வகத்துக்கு வருவார். பெண்களையும் எண்ணிக்கையில் சேர்க்கும் சபை அது. பனிக்காலத்தில் பல நாள் இவர்தான் பத்தாவது ஆள். “நான் வராவிட்டாலும் சென்ட்ரிஃப்யூஜ் சுற்றும். அங்கே நான் போகாவிட்டால் ஒன்பது பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்” என்று ஒருநாள் சொன்னார். பதினோரு மாதம் முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தார். அப்புறம் அங்கே ஓதுவதன் அர்த்தம் தெரிய வேண்டும் என்று எபிரேய வகுப்பு. அதற்குப் பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஐம்பது வயதுக்கு மேல் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

சேர்த்துக்கொள்கிறார்கள். நியூயார்க்கில் 1956இல் தொடங்கிய அகாடமி ஃபார் ஜூயிஷ் ரிலிஜன் போன்ற பள்ளிகளில், வேறு ஒரு தொழிலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வருகிறவர்கள் சகஜம்.

இந்த மரபில் தாமதமாக வந்தவர்களுக்கெல்லாம் மூத்தவர் ரபி அகிவா. கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். நாற்பது வயது வரை எழுத்தறியாதவர். ஒரு கிணற்றடியில் கல் குழிந்திருப்பதைப் பார்த்து, இதை யார் குடைந்தது என்று கேட்டாராம். தினமும் விழும் தண்ணீர்தான் என்றார்கள். நாம் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அதேதான். உடனே தன் மகனையும் கூட்டிக்கொண்டு வாத்தியாரிடம் போனார். பலகையின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார், மறு முனையை மகன். வாத்தியார் எழுதிக்கொடுத்தது அகர வரிசை. பலரும் கிணற்றோடு கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்தப் பலகைதான் முக்கியம். பிள்ளையோடு சேர்ந்து ஒண்ணாம் வகுப்பில் உட்காருவது சாதாரணக் காரியமா?

நம் காலத்திலும் ஆட்கள் உண்டு. லுபாவிச் என்ற யூத மத இயக்கத்தின் தலைவராக இருந்த மெனாஹெம் மெண்டல் ஷ்னீர்சன் பாரிஸில் மின்பொறியியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது புரூக்ளின் கடற்படைத் தளத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். 1951இல் தலைமையை ஏற்றபோது வயது 48. ஆனால் அவர் ரபிகளின் பரம்பரையில் பிறந்து சின்ன வயதிலேயே எல்லாம் கற்றவர். அதனால் மேடத்தின் கதைக்கு முழுக்கப் பொருந்தமாட்டார்.

எத்தனை வருடப் படிப்பு? பட்டம் எப்படித் தருகிறார்கள்?

எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தது. காலத்துக்கேற்ப மாறிக்கொண்ட சீர்திருத்த, கன்சர்வேட்டிவ் பிரிவுகளின் பள்ளிகளில் ஏறக்குறைய ஐந்து வருடம். அதில் ஒரு வருடத்தை இஸ்ரேலில் கழிப்பது நெடுநாள் வழக்கம். ஏற்கெனவே ஒரு கல்லூரிப் பட்டம் இருக்க வேண்டும், எபிரேயம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பிஎச்.டி. இருப்பதால் ஒரு சலுகையும் கிடையாது.

பழைய சட்டத்தை விடாமல் பிடித்திருக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் வழி வேறு மாதிரி. யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிஸில் அச்சான ‘ஷுல்ஹான் அரூக்’ என்ற சட்ட நூலில் குறிப்பிட்ட பகுதிகளைக் கரைத்துக் குடித்துத் தேர்வெழுத வேண்டும். அதில் பெரும்பகுதி சமையலறைச் சட்டம். உதாரணம்: கறிக் குழம்பில் ஒரு துளி பால் தெறித்துவிட்டது, யூதச் சட்டத்தில் இரண்டும் சேரக் கூடாது. குழம்பைக் கொட்டிவிட வேண்டுமா? பாலைப் போல அறுபது மடங்கு குழம்பு இருந்தால் பால் இல்லாததற்குச் சமம். எடையில் இல்லை, கொள்ளளவில். இந்த இடத்தைப் படித்ததும் மேடம் எனக்கு அனுப்பிய செய்தி: “1.67 சதவீதம். கண்டறியும் வரம்பை நிர்ணயித்திருக்கிறார்கள்!”

சான்றிதழின் வாசகமும் கேள்வி பதில்தான். ‘யோரே? யோரே.’ கற்பிக்கலாமா? கற்பிக்கலாம். தீர்ப்பு வழங்கும் மேல்தகுதிக்கு ‘யாதின்? யாதின்.’ பழங்கால ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தால்முட்டில் வரும் ஒரு பழைய உரையாடலிலிருந்து எடுத்தது.

பெண்கள் ரபி ஆகலாமா?

ஆர்த்தடாக்ஸ் பிரிவில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. மற்ற பிரிவுகளில் தாராளமாக. முதலில் பட்டம் பெற்றவர் ஜெர்மனியின் ரெகினா யோனாஸ், 1935இல். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் 1972இல் சாலி பிரீசண்ட், கன்சர்வேட்டிவ் பிரிவில் 1985இல் ஏமி ஐல்பெர்க். மேடத்தின் வகுப்பில் பெண்கள்தான் அதிகமாம்.

படிப்பில் எது கஷ்டம்?

தால்முட். வேறு பேச்சே இல்லை.

அதன் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் ஒரு பத்தி, அதுதான் மூலம். ஒரு பக்கம் பதினோராம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் ராஷியின் உரை, மறு பக்கம் அவருடைய பேரன்மாரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எழுதிய மறுப்பும் விளக்கமும். ஓரங்களில் இன்னும் பலர். மூலம் பாதி எபிரேயம், பாதி அரமேயம். நிறுத்தற்குறி கிடையாது, உயிர்க்குறி கிடையாது. கேள்வி எங்கே முடிகிறது, பதில் எங்கே தொடங்குகிறது என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். உரைக்குத் தனி எழுத்துரு, அதையும் புதிதாகப் பழக வேண்டும். நச்சினார்க்கினியரை உரைகூட்டிப் படித்துத் திணறியவர்களுக்கு இந்த வலி புரியும். இப்படி 2,711 ஏடுகள். தினம் ஓர் ஏடு படித்தால் ஏழரை வருடம் ஆகும், உலகம் முழுக்க அப்படிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நூலும் இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும், ஒன்றாம் ஏடு என்று ஒன்று இல்லவே இல்லை. ‘எவ்வளவு படித்தாலும் நீ முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை’ என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அட்டைப் பக்கத்தை ஒன்றாக எண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

இதைத் தனியாகப் படிக்கக் கூடாது, ஜோடியாகப் படிக்க வேண்டும். ஹவ்ரூதா என்று பெயர். மேடத்தின் ஜோடி 26 வயதுப் பையன். ஒருநாள் அவர்கள் படிக்கும் கூடத்துக்குப் போயிருந்தேன். நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள், மீன் மார்க்கெட் தோற்றது. மேடம் ஒரு சொல்லின் கீழே விரலை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் படிக்கிறார். அந்தப் பையன், “இல்லை, அது கேள்வி. நீங்கள் அதைப் பதிலாக வாசிக்கிறீர்கள்” என்று மேசையைத் தட்டுகிறான். மூன்று மணி நேரத்தில் ஏழு வரி. எங்கள் ஆய்வறிக்கைகளில் சிவப்பு மையை ஓடவிட்ட அதே விரல் அங்கே அகராதியைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன், அவமானமாக இல்லையா என்று. முதல் வருடம் காரில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன் என்றார். கடவுளா அறிவியலா என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதில் அவருக்கு ஒரு நாள்கூடத் தூக்கம் கெடவில்லை. முப்பது வருடம் தெரிந்தவராக இருந்துவிட்டுத் திடீரென்று ஒன்றும் தெரியாதவராக ஆனதுதான் கெடுத்தது.

அப்புறம் அவர் சொன்ன ஒரு கதை. தால்முட்டில் யோஹனான், ரேஷ் லாகிஷ் என்று ஒரு ஜோடி. ரேஷ் லாகிஷ் முன்பு கொள்ளைக்காரர். அவர் இறந்தபின் யோஹனானுக்கு வேறொரு நல்ல படிப்பாளியை ஜோடியாக அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும், உங்கள் கருத்துக்கு இதோ ஆதாரம் இருக்கிறது என்று இவர் எடுத்துக்கொடுத்தார். யோஹனான் நொந்துபோனார். ‘ரேஷ் லாகிஷ் இருந்தால் இருபத்து நான்கு ஆட்சேபம் எழுப்புவான், நான் இருபத்து நான்கு பதில் சொல்வேன், விஷயம் தெளிவாகும். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா?’ ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கிய எவருக்கும் இது புரியும்.

அறிவியலையும் மத நூலையும் ஒரே தலையில் எப்படி வைத்துக்கொள்கிறார்?

இதற்கு அவர் நேராகப் பதில் சொல்லமாட்டார், பேன் கதையைச் சொல்வார்.

வெள்ளி மாலை தொடங்கும் வாராந்திர ஓய்வு நாளான சபாத்தில் உயிரைக் கொல்லக் கூடாது. பேன்? ரபி எலியேசர், சபாத்தில் பேனைக் கொல்வது ஒட்டகத்தைக் கொல்வதற்குச் சமம் என்றார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, கொல்லலாம் என்றார்கள். காரணம், பேன் ஆண் பெண் சேர்க்கையில் பிறப்பதில்லை, தானாகத் தோன்றுகிறது என்ற அந்தக் கால நம்பிக்கை. அப்படியே சட்டமும் ஆனது. 1668இல் பிரான்செஸ்கோ ரெடி, மூடிவைத்த இறைச்சியில் புழு தோன்றுவதில்லை என்று சோதனை செய்து காட்டினார். அதற்குப் பிறகு இத்தாலியின் ஃபெராராவில் ஐசக் லாம்ப்ரோன்டி என்று ஒருவர், படுவாவில் மருத்துவம் படித்தவர், ரபியும்கூட. எல்லாமே முட்டையிலிருந்துதான் வருகிறது என்று இப்போது தெரிந்துவிட்டதே, அந்த அறிஞர்கள் இதைக் கேட்டிருந்தால் மனதை மாற்றிக்கொண்டிருப்பார்கள், ஆகவே எச்சரிக்கையாக இருப்பவன் பேனைக் கொல்லாமல் இருக்கட்டும் என்று எழுதினார். அவருடைய ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளி அறிஞர்களின் ஆராய்ச்சியை நம்பிப் பரம்பரைத் தீர்ப்பை மாற்றக் கூடாது என்றார். லாம்ப்ரோன்டி என்ன செய்தார்? தன் நூலிலேயே ஆசிரியரின் மறுப்பையும் சேர்த்துவிட்டார்.

இந்தச் சண்டையில் இருவரும் இழுத்தது தால்முட்டின் ஒரே பகுதியை. இரவில் சூரியன் எங்கே போகிறது? வானக் கூரைக்கு மேலே போகிறது என்றார்கள் யூத அறிஞர்கள், பூமிக்குக் கீழே போகிறது என்றார்கள் மற்ற நாட்டு அறிஞர்கள். யூத அறிஞர்களில் மிகப் பெரியவரான யூதா ஹநாசி, அவர்கள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது என்று விட்டுக்கொடுத்தார். அதற்கு அவர் சொன்ன ஆதாரம், ஊற்றுநீர் பகலில் குளிர்ந்தும் இரவில் சூடாகவும் இருக்கிறதாம்! முடிவு சரி, ஆதாரம் தப்பு. “இந்த மாதிரி கட்டுரைகளை நான் மதிப்பீடு செய்திருக்கிறேன்” என்பார் மேடம்.

கடவுளை நம்புகிறாரா என்று விடாமல் கேட்டால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்ற அதைத் தீர்த்துக்கொண்டு வரச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை என்பார். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் என் பாட்டியிடம் கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

அப்படியானால் முப்பது வருட அறிவியல் வீண்தானே?

நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. வீண் இல்லை. உணவுத் தொழிலில் கோஷர் (யூதச் சட்டப்படி உண்ணத்தக்கது) என்று சான்றிதழ் தருகிறவர்களுக்கு வேதியியல் தெரிந்த ரபி பொக்கிஷம். ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து, கிளிசரின் தாவரமா கொழுப்பா, நொதி எதில் வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் இந்தியத் தொழிற்சாலைகளுக்குக்கூட இப்படிச் சோதனைக்கு ரபிகள் வருகிறார்கள்.

மின்சார விவகாரம் இன்னொன்று. சபாத்தில் சுவிட்சைப் போடக் கூடாது என்பதில் ஆர்த்தடாக்ஸ் ரபிகள் ஒரே குரல், ஏன் என்பதில்தான் அடிதடி. குண்டு பல்பில் இழை சிவக்கிறது, அது நெருப்பு, சரி. எல்.ஈ.டி.யில் என்ன நெருப்பு? ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட ரபி, மின்சுற்றை மூடுவதே ஒரு கட்டடம் கட்டுவதற்குச் சமம் என்றார். ஷ்லோமோ சல்மான் அவுர்பாக் என்ற இன்னொரு ரபி அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2023 ஜனவரியில், செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த மாட்டிறைச்சி இறைச்சிக் கணக்கில் வராது என்று இஸ்ரேலின் அப்போதைய தலைமை ரபிகளில் ஒருவரான டேவிட் லாவ் தீர்ப்புச் சொன்னார். செல் வளர்ப்பு என்னவென்று தெரியாமல் இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

இரண்டையும் விடாமல் செய்தவர்களும் உண்டு. நியூயார்க் யெஷிவா பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராகவும் தால்முட் ஆசிரியராகவும் இருந்த மோஷே டெண்ட்லர் 2021இல் காலமானார். மூளைச்சாவைச் சாவாக ஏற்கலாமா என்ற விவாதத்தில், ஏற்கலாம் என்று வாதாடியவர் அவர்.

சம்பளம்?

பேராசிரியராக வாங்கியதைவிடக் குறைவு. வீட்டுக்காரர் வேலையில் இருந்தார், வீட்டுக் கடன் முடிந்திருந்தது. இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று அவரே சொல்வார். பட்டம் வாங்கியதும் வேலை தேடியபோது ஒரு சபையின் நேர்முகத்தில், இன்னும் எத்தனை வருடம் உழைப்பதாக உத்தேசம் என்று சுற்றி வளைத்துக் கேட்டார்களாம். வயதைக் கேட்கக் கூடாது என்பதால் இப்படி.

ரபி சம்பளம் வாங்கலாமா என்பதே பழைய வழக்கு. ‘தோராவை (வேதத்தை) மண் தோண்டும் கருவியாக ஆக்காதே’ என்று ஒரு மூத்த வாக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதில் மகா கண்டிப்பு. அவருக்கு அந்தப் பேச்சுக்குத் தகுதியும் இருந்தது. வணிகம் செய்து அவரைத் தாங்கிவந்த தம்பி டேவிட், இந்தியாவுக்குச் சரக்கெடுக்கக் கிளம்பி, நம் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். மைமோனிடிஸ் ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார். பிறகு மருத்துவத் தொழிலால் குடும்பத்தைக் காப்பாற்றினார். காலையில் கெய்ரோ அரண்மனை, மதியத்துக்கு மேல் பசியோடு வீடு, திண்ணை நிறைய நோயாளிகள், இரவில் படுத்துக்கொண்டே வைத்தியம் என்று ஒரு கடிதத்தில் தன் நாளை விவரித்திருக்கிறார். இருந்தாலும் பின்வந்த காரோ, அவர் சொன்னபடி போனால் படிப்பே அழிந்துபோகும் என்று பதில் எழுதினார். கடைசியில் கண்டுபிடித்த வழி: சம்பளம் போதனைக்கு இல்லை, வேறு வேலைக்குப் போகாமல் இழந்த நேரத்துக்கு. வக்கீல்கள் என்றேன் இல்லையா?

மருத்துவமனையில் ரபிக்கு என்ன வேலை?

மதம் பார்க்காமல் படுக்கை படுக்கையாகப் போய் உட்காருவது. இதற்குத் தனிப் பயிற்சி உண்டு, ஒரு கட்டம் 400 மணி நேரம். முதல் இரவில், சாகக் கிடந்த ஒரு பெரியவர் பக்கத்தில் அரைமணி நேரம் இருந்துவிட்டு வந்தபோது, பயிற்சி கொடுத்தவர் அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார். மேடத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆக்சிஜன் அளவு 88, இதயத் துடிப்பு 112 என்று மானிட்டரைத்தான் பார்த்திருக்கிறார்.

இப்போதெல்லாம் நாற்காலியை மானிட்டருக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொள்கிறார்.

யூதரல்லாத நான் ரபி ஆகலாமா?

முதலில் மதம் மாற வேண்டும். வருகிறவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிப் பார்ப்பது பழைய மரபு. மாறிய பிறகு ரபி ஆனவர்கள் இருக்கிறார்கள். கொச்சிப் பக்கம் போய் விசாரிக்கலாம் என்று நினைத்தால், அங்கே 1568இல் கட்டிய ஜெப ஆலயம் இருக்கிறது. ஆனால் கொச்சி யூதர்கள் பல நூற்றாண்டுகள் ரபியே இல்லாமல் காலம் தள்ளியவர்கள்.

ஆய்வகம் என்ன ஆனது? இப்போது அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

மூடுகிற வாரம் மைனஸ் எண்பது ஃப்ரீசரைக் காலி செய்ய நான் போயிருந்தேன். இருபது வருடக் குழாய்கள், மார்க்கர் மை பாதி அழிந்து. ஒவ்வொன்றாக எடுத்து, யார் செய்தது, எந்த வருடம் என்று சொல்லிச் சொல்லிக் குப்பைப் பையில் போட்டார். என் கையெழுத்தில் இருந்த ஒரு பெட்டியை மட்டும் பக்கத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தார். அதை இன்னும் யாரும் திறக்கவில்லை என்று கேள்வி.

அங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது, முதல் நாளிலிருந்து மேடம்தான். அது வேண்டாம் என்று இரண்டு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பட்டம் வாங்கிய அன்று போனில் வாழ்த்திவிட்டு, இனிமேல் ரபி என்று கூப்பிட வேண்டுமா என்று கேட்டேன். ரபி என்றால் என் ஆசிரியர் என்றுதான் அர்த்தம், உன் மேடத்துக்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்டார். எங்கள் ஊரில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன்.

“அப்போ மேடமே இருக்கட்டும்” என்றார்.